நடுப்பாகம் காணோம்: ஒரே புத்தகத்தில் முடிகிற நாவலா, பாகம் பாகமாகப் போகிற நாவலா?

பாலாற்றுமணல் (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். வயிற்றெரிச்சலில் தொடங்குகிற இழை இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் சாண்டில்யனின் 'கடல் புறா' முதல் பாகம் இருக்கிறது. மூன்றாம் பாகமும் இருக்கிறது. இரண்டாவது இல்லை. "வெளியே போயிருக்கு சார்" என்றார் நூலகர். இரண்டு மாதமாகப் போய்ப் போய்க் கேட்கிறேன், அது இன்னும் வெளியேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடையில் கேட்டால் மூன்றையும் சேர்த்துத்தான் தருவார்களாம். ஆக, இளையபல்லவனை நடுக்கடலில் விட்டுவிட்டு நான் பாட்டுக்குத் தினமும் சத்துவாச்சாரியில் பஸ் ஏறி ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

இதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனிமேல் ஒரே புத்தகத்தில் முடிகிற நாவல் மட்டும்தான். எடுத்தோமா, படித்தோமா, வைத்தோமா என்று இருக்க வேண்டும். நீங்கள் எந்தக் கட்சி?

காட்பாடிஜங்ஷன் · ஞாயிறு, இரவு 9.32

நான் பாகக் கட்சி. காரணம் இலக்கியம் இல்லை, சீசன் டிக்கெட்.

பதினெட்டு வருடம் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய் வந்தவன் நான். விடியற்காலையில் ஏறி உட்கார்ந்தால் அரக்கோணம் வரை தூக்கம், அப்புறம் புத்தகம். திரும்பும்போது சீட்டு கிடைத்தால் புத்தகம், கிடைக்காவிட்டால் நின்றபடி புத்தகம். ஒற்றை நாவல் மூன்று நான்கு நாளில் தீர்ந்துவிடும். அடுத்ததை எடுத்தால் முதல் ஐம்பது பக்கம் யார் யாருக்கு மாமன், யார் யாருக்கு மச்சான் என்று புரிந்துகொள்வதற்குள் வாலாஜா ரோடு வந்துவிடும். பாகம் பாகமாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, ஏறியதும் தெரிந்த ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகத்தையும் நான் வீட்டில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. முழுக்க ரயிலில்தான். தஞ்சாவூர்க் கோயிலுக்குக் கல் ஏறுகிற இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தண்டவாளச் சத்தம் கேட்கும்.

அகழிமுதலை · ஞாயிறு, இரவு 10.05

நான் மூன்றாவது கட்சி. எதையும் பாதியில் விடுகிற கட்சி. முதல் பாகம் படிப்பேன், இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வருவேன், அது அலமாரியில் உட்கார்ந்துவிடும். 'யவன ராணி' இரண்டே பாகம்தான், அதையே முதலாவதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் மணல் அண்ணே, நீங்கள் வேலூரில் இருந்துகொண்டு இப்படிக் கோபப்படலாமா? நம் கோட்டைக் கோயிலையே பாருங்கள். சாமி இல்லாத கோயில் என்று எத்தனை தலைமுறை கேலி கேட்டோம். 1981இல்தான் உங்கள் சத்துவாச்சாரியில் இருந்து லிங்கம் வந்து ஜலகண்டேஸ்வரர் உள்ளே அமர்ந்தார். அந்த இரண்டாம் பாகத்துக்கு நம் ஊர் எவ்வளவு காலம் காத்திருந்தது! மாவட்டமும் அப்படித்தான். 1989இல் வட ஆற்காடு இரண்டு பாகமானது. 2019இல் வேலூர் மட்டுமே மூன்று பாகமானது. இரண்டு மாதம் எல்லாம் ஒரு கணக்கா?

பாலாற்றுமணல் · ஞாயிறு, இரவு 10.11

லிங்கத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் பத்திரமாகப் பூஜை செய்து வைத்திருந்தார்கள். என் இரண்டாம் பாகத்தை எவன் வீட்டில் கரையான் பூஜை செய்கிறதோ.

குடியாத்தத்துக்காரி · திங்கள், காலை 6.20

காலையில் இழையைப் பார்த்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வாரப்பத்திரிகை. காசைப் பங்கு போட்டு வாங்குவார்கள். மத்தியானம் எல்லோரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார்கள். இலை வெட்டுகிறவர் ஒருவர், தூள் வைத்துச் சுருட்டுகிறவர்கள் நாலு பேர், நூல் கட்டுகிறவர் ஒருவர். கைகள் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணும் காதும்தான் சும்மா இருக்கும், அதிலும் கண்ணை எடுத்தால் சுற்று தளர்ந்துவிடும். மிச்சம் காது. அதற்குத்தான் நான்.

தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. சனி ஞாயிறுகளில் மட்டும். ஒரு அத்தியாயம் படிக்கிற நேரத்தில் இத்தனை பீடி என்று அத்தைக்கு ஒரு கணக்கு உண்டு. கதை விறுவிறுப்பாக இருந்தால் அன்றைக்கு ஆயிரம் சீக்கிரமே தேறிவிடும் என்பார். 'தொடரும்' என்று படித்தவுடன் அத்தை கத்துவார்: "அவனுக்கு இன்னா கேடு? இங்கயா நிறுத்துவான்?" அந்த வாரம் முழுக்கத் தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில் எல்லாம் அதே பேச்சுதான். அவன் வருவானா, அவள் ஒப்புக்கொள்வாளா, பெட்டியில் இருப்பது என்ன என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் எழுதியவர் யோசித்ததைவிட எங்கள் தெருவில் யோசித்தது நன்றாக இருக்கும். அது வேறு விஷயம்.

ஒரு முறை நான் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். அந்த வார இதழ் ஐந்து வீடு சுற்றி எங்கோ தொலைந்துவிட்டது. "அத்தை, போன வாரம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அண்ணனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். அத்தியாயம் முழுவதையும் சொன்னார். கதாநாயகி இரவில் ஆற்றைக் கடக்கிறாள், படகுக்காரன் காசு வாங்க மறுக்கிறான், அவள் தன் தோட்டில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறாள். கேட்டு நான் அழுதுவிட்டேன்.

பல வருடம் கழித்து அந்தக் கதை புத்தகமாகக் கிடைத்தது. தேடித் தேடிப் பார்த்தேன். ஆறும் இல்லை, படகும் இல்லை, தோடும் இல்லை. அத்தைக்கும் அந்த வாரம் கதை தெரியாது. அவராகவே ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

அதனால் நடுப்பாகம் இல்லை என்று வருத்தப்படாதீர்கள் அண்ணா. எனக்கு இன்றைக்கும் அந்த நாவலில் பிடித்த அத்தியாயம் அதில் இல்லாத அந்த அத்தியாயம்தான்.

மக்கன்பேடா · திங்கள், காலை 7.02

அக்கா, இதைப் படித்துவிட்டு ஆபீஸ் கிளம்ப மனசு வரவில்லை.

வாலாஜாரோடு · திங்கள், காலை 11.45

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். எனவே இரண்டு திருத்தம், ஒரு வாதம்.

முதல் திருத்தம். தொடர்கதை வேறு, பல பாக நாவல் வேறு. வாரா வாரம் வந்ததால் மட்டும் ஒரு நாவல் தொடர்நாவல் ஆகிவிடாது. குடியாத்தத்துச் சகோதரி சொன்னது பத்திரிகையில் வெளிவந்த விதம். மணல் தம்பி கேட்பது புத்தகத்தின் கட்டமைப்பு.

இரண்டாவது திருத்தம். தடிமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல். அது ஒரே நாவல். தலைக்கு வைத்துப் படுக்கலாம், ஆனால் பாகம் கிடையாது.

இப்போது வாதம். நான் ஒற்றை நாவல் கட்சி, அதற்குச் சாட்சி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மு. வரதராசனார் நம் வட ஆற்காட்டுக்காரர். அவருடைய 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வேலய்யன், சந்திரன் என்று இரண்டு நண்பர்கள். கதை வாலாசாப்பேட்டையில் நடக்கிறது. பாலாற்றங்கரை வருகிறது. சந்திரன் மின்னல் மாதிரி ஒளிவிட்டு அணைகிறவன், வேலய்யன் அகல் மாதிரி அடங்கி எரிகிறவன். சந்திரனின் வாழ்க்கை முடிந்ததும் கதையும் முடிந்துவிடுகிறது. வேலய்யனின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று மு.வ. இன்னொரு பாகம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதாததால்தான் பத்தாம் வகுப்பில் அதைப் படித்துவிட்டு, வேலய்யன் குடியிருந்த தெரு எதுவாக இருக்கும் என்று நான் சைக்கிளில் ஊரைச் சுற்றினேன். அடுத்த பாகம் இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஹாஸ்டல்மேல்மாடி · திங்கள், பிற்பகல் 2.30

சார், மு.வ.வை நாங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகத்தான் பார்த்தோம், நாவல் எழுதியிருக்கிறார் என்றே தெரியாது. படிக்கிறேன்.

ஆனால் என் வயசுக்காரர்களின் கஷ்டம் வேறு மாதிரி. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்று ஒருவர். அவர் தொடரின் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது. ஆறாவது வருகிறது வருகிறது என்கிறார்கள். ஐந்தாவது வந்தபோது நான் கையெழுத்துப் பயிற்சி நோட்டில் 'அ' எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது காலேஜ் முடிக்கப் போகிறேன். உங்களுக்கு நூலகத்தில் ஒரு பாகம் காணோம். எங்களுக்கு அந்தப் பாகம் உலகத்திலேயே இல்லை.

இதனால் என் ரூம்காரன் ஒரு சட்டம் வைத்திருக்கிறான். கடைசிப் புத்தகம் அச்சில் வந்தால்தான் முதல் புத்தகத்தைத் தொடுவானாம். ஹாரி பாட்டரை அப்படித்தான் படித்தான். 1997இல் இருந்து 2007 வரை ஏழு புத்தகத்துக்கு உலகமே காத்திருந்தது, இவன் செமஸ்டர் லீவில் மொத்தமாக முடித்துவிட்டான். இப்போது நாலாவதில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிக்கிறான்.

காட்பாடிஜங்ஷன் · திங்கள், மாலை 6.15

உன் ரூம்காரன் சட்டத்தோடு எனக்குச் சண்டை உண்டு தம்பி. எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் முதல் பாகம் விற்காது. முதல் பாகம் விற்காவிட்டால் கடைசிப் பாகம் வராது. பஸ் நிறைந்தால்தான் எடுப்பேன் என்று டிரைவர் சொல்ல, பஸ் எடுத்தால்தான் ஏறுவேன் என்று நாம் சொன்ன கதையாகிவிடும்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்வி. 'பொன்னியின் செல்வன்' உங்கள் கணக்கில் எது? ஐந்து பாகம். ஆனால் 'புது வெள்ளம்' மட்டும் படித்துவிட்டு எழுந்திருக்க முடியுமா?

வாலாஜாரோடு · திங்கள், இரவு 8.00

முடியாது. அது ஒரே நாவல், ஐந்து கட்டாகக் கட்டியிருக்கிறது. டோல்கீன் என்ற ஆங்கில ஆசிரியரின் மோதிரக் கதைக்கும் இதே சங்கதிதான். அவர் எழுதியது ஒரு நாவல், 1954-55இல் பதிப்பாளர் மூன்று புத்தகமாகப் போட்டார். உலகம் அதை மூன்று நாவல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

உண்மையான தொடர் எது என்றால் கல்கியின் மற்ற இரண்டைச் சொல்லலாம். 'சிவகாமியின் சபத'த்தில் இளைஞனாக வருகிற நரசிம்மவர்மர் 'பார்த்திபன் கன'வில் வயதானவராக வருகிறார். ஆனால் கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'தான். பின்கதையை முன்னால் எழுதிவிட்டு முன்கதையைப் பின்னால் எழுதினார். எதை முதலில் படித்தாலும் குறையில்லை. நல்ல தொடருக்கு அது ஒரு அடையாளம் என்பேன். இரண்டு வாசல், எதில் நுழைந்தாலும் கூடத்துக்கு வந்துவிடலாம்.

மக்கன்பேடா · திங்கள், இரவு 8.40

இரண்டு வாசல் என்றதும் ஞாபகம் வருகிறது. பெருமாள்முருகன் செய்ததை யாரும் சொல்லவில்லையே. 'மாதொருபாகன்' 2010. அதன் முடிவில் கதாநாயகன் காளி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. அப்புறம் 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு தொடர்ச்சி எழுதினார். ஒன்றில் காளி பிழைக்கிறான், மற்றதில் இல்லை. இரண்டும் முதல் புத்தகத்துக்கு நேராகத் தொடர்ச்சி. எது உண்மை என்று கேட்க முடியாது. நான் ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். எதை என்று சொல்ல மாட்டேன். இன்னொன்றைப் படித்தால் நான் படித்ததற்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கும்.

குடியாத்தத்துக்காரி · திங்கள், இரவு 9.15

ஜெயகாந்தனும்தான். 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில் அம்மா மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று முடித்துவிடுகிறாள். அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு மேல் 'கங்கை எங்கே போகிறாள்'. ஒரு சிறுகதையில் தொடங்கி இரண்டு நாவல்.

எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல். முதல் நாவலோடு அந்த மகள் கங்காவை விட்டிருக்கலாம். அவள் கெட்டுப் போவதைப் பார்த்த கோபத்தோடு நான் பல வருடம் இருந்தேன், அந்தக் கோபம் எனக்குத் தேவையாகவும் இருந்தது. இரண்டாவதைப் படித்ததும் அது கரைந்துவிட்டது. நல்ல நாவலா இல்லையா என்று கேட்காதீர்கள். எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

அகழிமுதலை · திங்கள், இரவு 9.50

என்னைப் போன்ற பாதி ஆசாமிகளுக்கு ஏற்ற வகையை யாரும் சொல்லவில்லை. சுஜாதாவின் கணேஷ்-வசந்த். ஆட்கள் அதே ஆட்கள், கதை மட்டும் புதுசு. 'நைலான் கயி'றில் கணேஷ் மட்டும் வருவார், வசந்த் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டார். எதை முதலில் படித்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேன்-வைஜயந்தி எல்லாம் இப்படித்தான். பஸ் ஸ்டாண்டு கடையில் ஒன்றை வாங்கினால் இறங்கும்போது கொலைகாரன் அகப்பட்டிருப்பான். பாகம் என்ற தொல்லையே கிடையாது.

வாலாஜாரோடு · செவ்வாய், காலை 10.20

அகழி தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு குறையோடு. கணேஷுக்கு வயதே ஆகாது. நமக்கு ஆகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் என்னைவிட மூத்தவர். இப்போது எடுத்துப் படித்தால் தம்பி மாதிரி இருக்கிறார்.

என் நண்பர் ஒருவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை 'வெண்முர'சை அன்றாடம் இணையத்தில் எழுதினார். 26 நாவல். நண்பர் ஒரு நாள் விடாமல் காலைக் காபியோடு படித்தார். முடிந்த மறுநாள் என்னைப் போனில் கூப்பிட்டு, "காபி கையில இருக்கு, என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார். அப்புறம் முதலில் இருந்து திரும்பத் தொடங்கிவிட்டார். ஒற்றை நாவல் கட்சிக்காரனான நான் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

பாலாற்றுமணல் · செவ்வாய், மாலை 7.30

எல்லோரும் பேசியதைப் படித்துவிட்டு என் கட்சியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குப் பாகங்கள் மேல் கோபம் இல்லை போலிருக்கிறது. முதலாவது பிடிக்காமல் இருந்திருந்தால் இரண்டாவதற்கு இரண்டு மாதம் நடந்திருப்பேனா?

நம் இளையபல்லவன், அதாவது கருணாகர தொண்டைமான், 'கலிங்கத்துப்பரணி'யில் வருகிற ஆள். பெயரிலேயே தொண்டை மண்டலம் இருக்கிறது, நம் பக்கத்துக்காரன் என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் இவ்வளவு பாசம். சரி, யாராவது இரண்டாம் பாகத்தில் நடப்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள், நேராக மூன்றாவதுக்குப் போய்விடுகிறேன்.

குடியாத்தத்துக்காரி · செவ்வாய், மாலை 7.41

நான் சொல்லட்டுமா? கப்பல் பாலாற்று முகத்துவாரத்துக்கு வருகிறது. தண்ணீர் இல்லை. எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள்.

பாலாற்றுமணல் · செவ்வாய், மாலை 7.44

அத்தை பெயரைக் காப்பாற்றுகிறீர்கள்.

காட்பாடிஜங்ஷன் · செவ்வாய், இரவு 8.10

கதையைச் சொல்லிக் கெடுக்காதீர்கள். அண்ணே, பழைய புத்தகக் கடைகளில் நானும் பார்க்கிறேன். என்ன அட்டை, என்ன பதிப்பு என்று சொல்லுங்கள், மற்ற இரண்டோடு சேருகிற மாதிரி பார்க்கலாம்.

பாலாற்றுமணல் · செவ்வாய், இரவு 8.22

அட்டை கிழிந்து, நூலகத்தில் பைண்டு செய்தது. பச்சைக் காலிகோ. முதுகில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். முதல் பாகத்தின் உள்பக்கத்தில் யாரோ நீல மையில் கப்பல் படம் வரைந்திருக்கிறார்கள். மூன்றாவதிலும் அதே கை, அதே கப்பல். அநேகமாக இரண்டாவதிலும் இருக்கும்.

அகழிமுதலை · செவ்வாய், இரவு 10.48

மணல் அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். தனிச் செய்தியில் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து நான் பேசிய பேச்சுக்கு இங்கேயே கேட்பதுதான் நியாயம்.

சாப்பிட்டுவிட்டு அலமாரியின் மேல்தட்டை ஒழித்தேன். பச்சைக் காலிகோ. கப்பலுக்குப் பாய்மரம் மூன்றா, நான்கா?

பாலாற்றுமணல் · செவ்வாய், இரவு 10.50

மூன்று.

அகழிமுதலை · செவ்வாய், இரவு 10.57

தேதி முத்திரையைப் பார்த்தேன். 2017. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்கிறேன். சட்டை நீலம். முதலில் நீங்கள் படித்து முடியுங்கள், அப்புறம் நூலகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை.

குடியாத்தத்துக்காரி · செவ்வாய், இரவு 11.03

அபராதம் கட்ட ஐந்து வீட்டில் பங்கு போடலாம். என் பங்கு முதலில்.